புதுப்பிப்பு: பல்சர் 150 தாங்கியில் 15 லீற்றர் ஏன் பிடிக்கவில்லை?

மாங்குளத்தில் அடித்தாலும் கிளிநொச்சியில் அடித்தாலும், ரிசேர்வுக்கு (தாங்கியின் அடியில் மிஞ்சும் கடைசிப் பெற்றோலுக்கு) வந்த என் பல்சர் 150 மோட்டார் சைக்கிளின் 15 லீற்றர் தாங்கியில் 15 லீற்றர் பெற்றோல் பிடிக்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. அந்த 15 லீற்றருக்குள் ரிசேர்வும் அடக்கம். ரிசேர்வுக்கு வரும்போது தாங்கி வெறுமையாக இருப்பதில்லை. பக்க ஸ்ராண்டில் சரித்துவிட்டு அடித்தால் மேல்மூலையில் காற்றும் தங்கிவிடும். நடு ஸ்ராண்டில் நிமிர்த்தி அடித்தபோது கொஞ்சம் கூடவே பிடித்தது.

அப்புறம், தயவுசெய்து மூடி முட்ட நிரப்பாதீர்கள். பெற்றோல் 10 பாகை சூடேறினால் ஏறக்குறைய 1 சதவீதம் விரியும். 15 லீற்றருக்கு அது 150 மில்லிலீற்றர்! எங்கள் வன்னி வெயிலில் நிழலில்லாமல் நிறுத்தினால் மூடியால் கசிந்து எஞ்சினில் வடியலாம். பெற்றோல் தாங்கி வாயின் உள்விளிம்பைத் தொட்டதும் நிறுத்தச் சொல்லுங்கள்.