நாலாவது சுற்றில் பெடல் இறங்குகிறது: ஸ்டீல் பின்னல் பிரேக் ஹோஸ் போட்டால் சரியாகுமா?

வளைவு12:
இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார், எடை சுமார் 1,200 கிலோ. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க், ஏபிஎஸ் உண்டு. ஹோஸ் எல்லாம் கம்பெனி ரப்பர், எட்டு வருடப் பழசு. பிரேக் ஆயில் சாதாரண டாட் 4 தரம். டிராக் டேயில் (ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை ஓட்டும் நாள்) முதல் மூன்று சுற்று பிரேக் நன்றாக இருக்கிறது. நாலாவது, ஐந்தாவது சுற்றில் பெடல் பஞ்சு மாதிரி ஆகிக் கீழே போகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஓரளவு திரும்புகிறது. ஸ்டீல் பின்னல் ஹோஸ் செட் வாங்கினால் தீருமா? வாங்கும்போது என்ன அளவு பார்க்க வேண்டும்? நானே மாற்றலாமா?

சூடானடிஸ்க்:
ஹோஸ் மட்டும் மாற்றினால் தீராது. நீங்கள் சொல்வது காலிப்பருக்குள் (பேடு எனும் உராய்வுக் கட்டைகளால் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) ஆயில் கொதிப்பதன் அறிகுறி. ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவியை அமுக்க முடியும், அதனால்தான் பெடல் இறங்குகிறது. ஆறினால் ஆவி பெரும்பாலும் மறுபடி திரவமாகிவிடும், பெடலும் திரும்பும்.

மூன்றைப் பிரித்துப் பாருங்கள். பெடல் கல்லு மாதிரி இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் சூட்டில் பேடு பிடிப்பு இழந்துவிட்டது. சூடேறிய பிறகு பெடல் இறங்கினால் ஆயில் கொதிப்பு. கெர்ப் (டிராக் ஓரத் திட்டு) மேல் ஏறி இறங்கியதும் முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போய் இரண்டாவது மிதியில் சரியானால், டிஸ்க் ஆடி பேடைப் பின்னால் தள்ளியிருக்கிறது. அப்போது வீல் பேரிங்கைப் பாருங்கள்.

டாட் 4 தரத்துக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புது ஆயிலில் 230 டிகிரி. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் இழுத்த பிறகு 155 தான். ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ரப்பர் ஹோஸ் வழியாகவும் கொஞ்சம் இறங்கும். டிராக்குக்கான ஆயில்களில் புது நிலைக் கொதிநிலை 300 டிகிரிக்கு மேல் இருக்கும். காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் ஈரம் சேர்ந்த பிறகும் 270 தாங்கும், அதன் மதிப்பே அதுதான். டாட் 5 என்று தனியாக எழுதியிருப்பது சிலிகான், உங்கள் காரில் ஊற்றவே கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4 உடன் சேரும்.

ஸ்டீல் பின்னல் ஹோஸ் தருவது வேறொன்று. ரப்பர் அழுத்தத்தில் சற்று உப்பும், டெஃப்லான் குழாய்மேல் ஸ்டீல் பின்னினால் அந்த உப்பல் குறையும். பெடல் கெட்டியாகும், சக்கரம் பூட்டும் எல்லையைக் காலால் நுணுக்கமாக உணரலாம். நிற்கும் தூரத்தை அது குறைக்காது, சூட்டையும் குறைக்காது. ஆனால் எட்டு வருட ரப்பரை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். ஆயில் மாற்றும்போதே ஹோஸையும் மாற்றிவிடுங்கள், கூடவே டிராக் பேடு.

நட்டுமரை:
வாங்கும்போது மரையைப் பாருங்க, ஏமாறுவது பெரும்பாலும் அங்கேதான். எம்10 × 1.0 (10 மி.மீ. குறுக்களவு, மரை இடைவெளி 1 மி.மீ.), எம்10 × 1.25, 3/8-24 (அங்குல அளவு) மூன்றும் கண்ணுக்கு ஒன்று மாதிரியே இருக்கும். 3/8-24 போல்ட் 9.5 மி.மீ. குறுக்களவு, எம்10 × 1.0 துளைக்குள்ளே லூசாக இறங்கி, பிடித்த மாதிரி காட்டிவிட்டு, அழுத்தம் ஏறும்போது மரையை உரித்துக்கொண்டு வந்துவிடும். பிட்ச் கேஜ் (மரை இடைவெளி அளக்கும் கருவி) வைத்து அளந்துட்டு ஆர்டர் போடுங்க.

பைப் முனையின் வடிவமும் முக்கியம். ஏஎன்-3 (ரேஸ் ஹோஸ்களில் வரும் ஓர் அளவு) முனை 37 டிகிரி, பல கார்களின் இரட்டை மடிப்பு முனை 45 டிகிரி, இன்னும் சிலதில் குமிழ் முனை. ஒன்றை இன்னொன்றில் இறுக்கினால் கசியும். கசிகிறதே என்று மேலும் இறுக்கினால் முனையில் விரிசல் விழும்.

ஒவ்வொரு பேன்ஜோ போல்ட்டுக்கும் (ஹோஸைக் காலிப்பரில் பிடிக்கும், நடுவே துளையுள்ள போல்ட்) இரண்டு புது செம்பு வாஷர், மேலே ஒன்று கீழே ஒன்று. பழசைத் திரும்பப் போடாதீங்க. எஃப்எம்விஎஸ்எஸ் 106 (அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதி) அல்லது டியூவி (ஜெர்மன் சோதனை அமைப்பு) சான்று உள்ள ஹோஸாக வாங்குங்க. 106 சோதனையில் ஹோஸை 35 மணி நேரம் தொடர்ந்து வளைத்து ஆட்டுவார்கள். முனை கிரிம்ப் (முனையை ஹோஸோடு நசுக்கிப் பிடித்த இடம்) சரியில்லாதது அதில் தங்காது.

வளைவு12:
நன்றி. கழற்றும்போது ஆயில் ஒழுகாமல் இருக்க, வைஸ் கிரிப்பால் ஹோஸைக் கவ்வலாமா? ஏபிஎஸ் இருப்பதால் தனி வேலை உண்டா?

நட்டுமரை:
புது ஹோஸைக் கவ்வவே கூடாது. டெஃப்லான் ஒருமுறை மடங்கினால் மடங்கினதுதான், வெளியே பின்னல் நன்றாகத் தெரியும், உள்ளே அடைத்திருக்கும்.

அதற்குப் பதிலாக பெடலை 3-4 செ.மீ. அமுக்கி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே கட்டை கொடுங்க. மாஸ்டர் சிலிண்டர் (பெடல் தள்ளும் ஆயில் பம்ப்) வாஷர், டேங்க் ஆயில் வரும் துவாரத்தைத் தாண்டி நிற்கும், டேங்க் ஆயில் இறங்காது. பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரி வயரைக் கழற்றிடுங்க. கட்டை கொடுத்த பிறகு காலிப்பர் நிப்பிளை, அதாவது காற்று எடுக்கும் திருகை, திறந்து அழுத்தத்தை விட்டுட்டு மூடுங்க.

இணைப்பைப் பிரஷ்ஷால் சுத்தம் பண்ணி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்க. பைப் நட்டுக்கு ஃபிளேர் நட் ஸ்பேனர்தான், திறந்த வாய் ஸ்பேனர் மூலையை உருட்டிவிடும். ஹோஸ் பக்கத்தை இன்னொரு ஸ்பேனரால் பிடிங்க, இல்லாவிட்டால் பைப் முறுக்கிக்கொள்ளும். பைப் வாயில் உடனே ரப்பர் மூடி. காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீங்க.

மாட்டும்போது இரு முனையையும் கையால் மூன்று நாலு சுற்று ஏற்றுங்க. கையால் ஏறாவிட்டால் மரை கோணலாக இருக்கிறது. பைப் பக்கம் முதலில், பேன்ஜோ கடைசியில், ஹோஸ் முறுக்கில்லாமல் படுத்திருக்கும்போது. பல கார்களில் பைப் நட் 15 நியூட்டன் மீட்டர் பக்கம், பேன்ஜோ 25 முதல் 35 வரை. உங்க காரின் சர்வீஸ் மேனுவல் சொல்வதுதான் முடிவு.

ஏபிஎஸ் பிளாக்குக்குள்ளே (ஏபிஎஸ் வால்வும் பம்பும் உள்ள பெட்டி) காற்று போகாமல் பார்த்துட்டா தனி வேலை இல்லை. டேங்க் காலியானால் ஸ்கேன் டூலால் பம்பை ஓட்டித்தான் காற்றை எடுக்கணும். அதனால் ஏர் எடுக்கும்போது டேங்க் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. ஒரு லிட்டர் ஆயில் கையில் வைங்க. காலிப்பரில் உள்ளே ஒன்று வெளியே ஒன்று நிப்பிள் இருந்தால் இரண்டிலும் எடுங்க. பெடலை அடிவரை மிதிக்காமல் கீழே மரக்கட்டை வைங்க, பழைய மாஸ்டர் சிலிண்டரில் வாஷர் துருப்பிடித்த பகுதியில் ஏறிக் கிழியும்.

சூடானடிஸ்க்:
ஹோஸ் போகும் வழியைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. அதை விட்டால் மற்ற வேலை எல்லாம் வீண். ஸ்டீல் பின்னல் எதை உரசினாலும் ரம்பம் மாதிரி அறுக்கும், அலாய் வீலையும் சேர்த்து. சக்கரத்தை மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, சஸ்பென்ஷனை முழுசாகத் தொங்கவிட்டும் முழுசாக அமுக்கியும் பாருங்கள். எந்த நிலையிலும் ஹோஸ் இழுபடக் கூடாது, ஸ்பிரிங், ரிம், டயர் எதையும் தொடக் கூடாது. மேலே பிளாஸ்டிக் உறை உள்ளது நல்லது. வெறும் பின்னலுக்குள் மணல் புகுந்தால் உள் குழாயை அரைத்துவிடும்.

முடித்ததும் இன்ஜினை ஓடவிட்டு ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடியுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் துடைத்தால் சின்னக் கசிவும் தெரியும். பெயின்ட் மேல் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். டிராக் டே முடிந்ததும் காலிப்பரில் கொஞ்சம் பழைய ஆயிலை எடுத்துவிடுங்கள். கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள், நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போட வேண்டாம், கியரில் விட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.