பேட்டரிக் குச்சி அமோனியா சென்சார்: வெந்நீர் ஆவிக்கே ரீடிங் எறங்குது, உதவி வேணும்

குலசேகரத்துப் பையன்:
வணக்கம். பி.எஸ்சி. வேதியியல் மூணாம் வருஷம் படிக்கேன். எனக்க மாமா ரப்பர் பால் எடுத்து பேரல்ல சேர்த்து வைக்கிற ஷெட் வச்சிருக்காரு. பால் உறையாம இருக்க அமோனியா ஊத்துவாங்க, மூடியத் தொறந்தா கண்ணு எரியும். காத்துல எவ்வளவு கெடக்குன்னு காட்ட ஒரு சென்சார், அதுவும் கழிச்சுப்போட்ட சாமான்லேயே செய்யலாம்னு புராஜெக்டா எடுத்தேன்.

டார்ச்சுல போட்டுத் தீர்ந்த ஜிங்க்-கார்பன் செல்லை உடைச்சு கார்பன் குச்சி எடுத்தேன். (மொதல்ல நாலு ஆல்கலைன் செல்லை உடைச்சு ஏமாந்தாச்சு. அதுக்குள்ள குச்சியே இல்ல, பித்தளை ஆணிதான்.) உரக்கடை அமோனியம் சல்பேட் லிட்டருக்கு 13 கிராம், ரெண்டு குச்சி, செத்துப்போன ரூட்டரோட 12 வோல்ட் அடாப்டர். பாசிட்டிவ் குச்சியில இருந்து கறுப்பா உதிர்ந்து வந்துச்சு. வடிகட்டி, தண்ணில கலக்கி, பழைய டிவி ரிமோட் பலகையில பட்டனுக்கு அடியில ரெண்டு சீப்பைக் கோத்த மாதிரி ஒரு தடம் இருக்கும்லா, அதுல ரெண்டு சொட்டு விட்டுக் காய வச்சேன்.

காஞ்சதும் தடை 2.8 மெகா ஓம். அமோனியா பாட்டில் வாயில பிடிச்சா 1.1க்கு எறங்குது. படிச்சதுல எல்லாம் தடை ஏறும்னு இருக்கு. சும்மா வெந்நீர் டம்ளர் மேல பிடிச்சாலும் 1.2! மழை இருட்டினாலே தானா எறங்குது. ரெண்டு பருவமழையும் கொட்டுற ஊர்ல இத வச்சு என்ன செய்ய?

ஆய்வக அக்கா:
வெந்நீர்ல பிடிச்சுப் பார்த்தே பாரு, அது நல்ல வேலை தம்பி. நிறைய பேர் அதைச் செய்யாமலே அறிக்கை எழுதிடுறாங்க. ரெண்டு கேள்வி. உதிர்ந்த பொடியை எந்தத் தண்ணில எத்தனை தடவை கழுவினே? ரிமோட் தடம் கறுப்பா, செம்பு நிறமா?

குலசேகரத்துப் பையன்:
கிணத்துத் தண்ணில மூணு தடவை அக்கா. தடம் செம்பு நிறம். இப்ப ஓரத்துல லேசா நீலம் தட்டியிருக்கு.

ஆய்வக அக்கா:
அப்போ நீ செஞ்சது ஈரப்பத சென்சார். அந்த வேலையை அது ஒழுங்காத்தான் பார்க்குது.

உன் பொடி சுத்த கிராஃபீன் (ஒத்தை அணு கனத்துல உள்ள கார்பன் தாள்) இல்ல. பாசிட்டிவ் முனையில உதிரும்போதே ஆக்சிஜனும் கூட ஏறிடும். அந்த ஆக்சிஜன் தொகுதிகள் தண்ணி ஆவியை இழுக்கும். அதுக்கு மேல நீ கழுவாம விட்ட உப்பு. ஈரம் பட்டதும் உப்பு கரைஞ்சு அயனி வழியா மின்சாரம் ஓடும், தடை எறங்கும். அமோனியா பாட்டில்ல இருந்தும் தண்ணி ஆவி சேர்ந்துதானே வருது.

இன்வெர்ட்டருக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர்ல கழுவு. கணக்கு வச்சுக் கழுவாதே. கழுவின தண்ணில கொஞ்சம் எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ரெண்டு சொட்டு, பேரியம் குளோரைடு ரெண்டு சொட்டு. வெள்ளையாக் கலங்கினா சல்பேட் இன்னும் இருக்கு. கலங்காத வரைக்கும் கழுவணும். பேரியம் குளோரைடு விஷம், கல்லூரி லேப்ல வச்சே பாரு.

அப்புறம் ஆக்சிஜனைக் குறைக்கணும். அஸ்கார்பிக் அமிலப் பொடி, அதாவது வைட்டமின் சி, போட்டு 95 டிகிரி தண்ணித் தொட்டியில ஒரு மணி நேரம் வச்சு, திரும்பக் கழுவு. மெடிக்கல்ல கிடைக்கிற சப்புற ஆரஞ்சு மாத்திரை வேண்டாம். என் மாணவி ஒருத்தி அதைப் போட்டு, காஞ்ச படலம் வெல்லப்பாகு மாதிரி விரல்ல ஒட்டிச்சு. அவ்வளவும் சர்க்கரை.

இது சரியானா அமோனியா பட்டதும் தடை ஏறும். அமோனியா எலக்ட்ரானைக் கொடுக்கும். இந்தப் படலத்துல மின்சாரத்தைச் சுமக்கிறது ஹோல், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடம். எலக்ட்ரான் வந்து ஹோலை அடைச்சா ஓட்டம் குறையும்.

நீலம் என்னன்னு உனக்கே தெரியணுமே! உப்புப் பகுப்பாய்வுல செம்புக்கு அமோனியா ஊத்தினா கருநீலம் வரும்லா? உன் செம்புத் தடம்தான் கரையுது.

மார்த்தாண்டம் மெக்கானிக்:
தடத்து மேல கறுப்பு கார்பன் பூசின ரிமோட் உண்டு தம்பி. பழைய இரும்புக்கடையில கேளு, சும்மாவே தருவான். அதுல செம்பு வெளிய தெரியாது.

இன்னொண்ணு. செல்லு சட்டப்படி இ-வேஸ்ட்டே இல்ல. பேட்டரிக்கு 2022ல தனி விதி வந்தாச்சு. புராஜெக்ட் தலைப்புல மின்னணுக் கழிவுன்னு எழுதினா, கேக்கிறவன் கேப்பான். லேப்டாப் பேட்டரியில நல்ல கிராஃபைட் இருக்குன்னு எவனாவது சொன்னா அதை மட்டும் உடைச்சிராதே. லித்தியம் செல்லு உள்ள ஷார்ட் ஆச்சுன்னா தீயை லேசுல அணைக்க முடியாது.

பால்ஷெட் அண்ணாச்சி:
எனக்கு ஒரு சந்தேகம். பால்ல அமோனியா எத்தனை சதம்னு அமிலத்தை வச்சு டைட்ரேஷன்ல பார்த்திரலாமே. செறிவூட்டின பால்னா 0.7 சதம் வரைக்கும் போடுவோம். இந்தக் கருவி எதுக்கு?

ஆய்வக அக்கா:
பாலுக்கு டைட்ரேஷன்தான் அண்ணாச்சி, அதை இது மிஞ்சாது. தம்பி கேக்கிறது ஆள் மூச்சு விடுற காத்தை. பத்து மணி நேரம் வரைக்கும் உள்ள வேலைநாளுக்குச் சராசரியா 25 பிபிஎம் (பத்து லட்சத்துல 25 பங்கு) மேல போகக்கூடாதுன்னு அமெரிக்காவுல வேலையிடப் பாதுகாப்பை ஆராயுற நியோஷ் அமைப்போட பரிந்துரை. ஆனா வீட்டுல செஞ்ச படலத்தை நம்பி யாரும் ஷெட்டுக்குள்ள நிக்க வேண்டாம். கண்ணு எரிஞ்சா வெளிய வந்துருங்க.

தம்பி, எவ்வளவு சுத்தம் பண்ணினாலும் ஈரம் கொஞ்சம் தொந்தரவு பண்ணும். எலுமிச்சை உப்பை, சிட்ரிக் அமிலம்தான், கரைச்சுப் பஞ்சை நனைச்சுக் காய வை. மீன்தொட்டி பம்பு வச்சு, காத்தை அந்தப் பஞ்சு வழியா ஒரு தடவை, நேரா ஒரு தடவை விடு. பஞ்சு அமோனியாவைப் பிடிச்சுக்கும், காத்தோட ஈரம் ஏறக்குறைய அப்படியே வரும். ரெண்டு ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுது.

குலசேகரத்துப் பையன்:
பதினொரு நாள் கழிச்சு வாறேன். ஒன்பதாவது கழுவல்லதான் கலங்கல் நின்னுச்சு. கறுப்புத் தடம் உள்ள ரிமோட் கிடைச்சிட்டு. இப்ப காஞ்ச தடை 14.2 கிலோ ஓம். அமோனியாவுக்கு 15.1க்கு ஏறுது! வெந்நீருக்கு 14.4. பஞ்சு வழியா விட்டா அசையவே மாட்டேங்கு.

ஆனா அமோனியாவை எடுத்த பெறகும் 15லேயே நிக்குது. எறங்க அரை மணி நேரம் ஆவுது.

ஆய்வக அக்கா:
ஒட்டின அமோனியா எளிதுல விடாது. 60, 70 டிகிரிக்கு லேசாச் சூடு காட்டு. பக்கத்துல ஒரு குண்டு பல்பு போதும், எல்.இ.டி. உதவாது.

குலசேகரத்துப் பையன்:
குண்டு பல்பு வீட்டுல ஒண்ணே ஒண்ணுதான் அக்கா, கோழிக்குஞ்சுக் கூட்டுல எரியுது. அம்மாகிட்ட கேட்டுட்டு எழுதுறேன்.