9 படை வச்சும் 4 படைகிட்ட தோக்குது: டைஸ் கோளாறா?

தக்கலை_மக்கா:
மக்களே, ரிஸ்க் கேம்ல (டைஸ் உருட்டி நாடு பிடிக்குற போர்டு கேம்) ஒரு சந்தேகம். என் நாட்டுல 9 படை, எதிராளிக்கு 4. அடிச்சு முடிச்சா எனக்கு 1, அவனுக்கு 2 மிச்சம். ஆறு சண்டையில ரெண்டு இப்படியே போச்சு. டைஸ் சரியில்லையா? சோதிக்க வழி உண்டா?

கணக்குப்புலி:
9 இல்ல வோய், 8. ஒண்ணு நாட்டுலயே நிக்கணும்லா. 8-க்கு 4-ன்னா ஜெயிக்க 88.8 சதவீதம், அதாவது ஒன்பதுல ஒண்ணு போகும். இப்படி ஆறு சண்டை போட்டா ஒண்ணாவது தோக்க 51 சதவீதம். ரெண்டோ அதுக்கு மேலயோ தோக்க 14. அதிசயம் ஒண்ணும் இல்ல.

ரெண்டு பேருக்கும் டைஸ் சமமா விழுந்தா ஜெயிப்பு காக்குறவனுக்குத்தான். ஒத்தைக்கு ஒத்தை உருட்டினா 36-ல 15 தான் அடிக்கிறவனுக்கு, 21 அவனுக்கு. இதை ஈடு கட்டுறது உங்க மூணாவது டைஸாக்கும். நீங்க 3 டைஸ், அவன் 2 டைஸ் உருட்டினா 7776 வகையில 2890-ல அவனுக்கு ரெண்டு படை போகும், 2275-ல உங்களுக்கு ரெண்டு, மிச்சம் 2611-ல ஆளுக்கு ஒண்ணு. அடிக்கிற படை மூணுக்குக் கீழ போயி மூணாவது டைஸ் போச்சுன்னா கதை மாறிடும்: 2-க்கு 2-ல உங்களுக்கு ரெண்டும் போக 44.8 சதவீதம், அவனுக்கு ரெண்டும் போக 22.8 தான்.

சோழி_வீசி:
தாயம் ஆடுறவங்களுக்கு இது புதுசா? 0, 1, 2, 3 போட்ட ரெண்டு கட்டையில 16-க்கு 2 தான் தாயம். 12 தடவை உருட்டியும் தாயமே விழாம இருக்க 20 சதவீதம். அதுக்குள்ள கட்டைய மாத்துன்னு சண்டை! ஆனா ஓரம் தேய்ஞ்ச கட்டைன்னா இந்தக் கணக்கு நிக்காது.

உப்பளம்:
சோதிக்கணும்னா 100 மில்லி வெந்நீர்ல 35 கிராம் உப்பு கரைச்சு, ஆறினதும் டைஸைப் போடுங்க. (சாமித்தோப்புப் பக்கம் உப்புக்கா பஞ்சம்?) மிதந்தா விரலால சுண்டி விடுங்க. திரும்பத் திரும்ப ஒரே எண் மேல வந்தா உள்ள காத்துக்குமிழி இருக்கு, இல்ல ஒரு பக்கம் கனம். சில பிளாஸ்டிக் இதுலயும் மூழ்கிடும். அதை 600 தடவை உருட்டி எழுதுங்க. ஒவ்வொரு எண்ணும் 100-ஐ ஒட்டி வரணும். 82-லருந்து 118 வரை சாதாரணம். 130-ன்னா தூக்கிப் போடுங்க. இருபது தடவை உருட்டிப் பாத்துட்டு குத்தம் சொல்லாதீங்க.

தக்கலை_மக்கா:
அப்போ எந்த இடத்துல நிறுத்தியிருக்கணும்?

கணக்குப்புலி:
எதிர்ல 2 பேர், உங்க நாட்டுல 4 படைன்னா மூணு டைஸ் கைல இருக்கு, கடைசி வரை அடிச்சா 65.6 சதவீதம். அதே இடத்துல 3 படைன்னா 36.3. ஒரு ஆள் குறைஞ்சதுக்கே இவ்வளவு. அதனால 3 ஆயி, எதிர்ல 2 நின்னா கைய எடுங்க. எதிர்ல ஒத்த ஆள்தான்னா 3 படையோடயும் அடிக்கலாம், 75.4 இருக்கு.




சோழி_வீசி:
இதுலயே இன்னொண்ணு: நீங்க காக்குற பக்கம்னா எல்லைல ஒத்தையா விடாம ரெண்டா நிறுத்துங்க. ரெண்டு டைஸ் உருட்டலாம்லா.