புதுப்பிப்பு: ரயர் இழுத்து ஓடும் பயிற்சி

15 வயது மகனுக்கு ரயர் இழுத்து ஓடும் பயிற்சி கொடுக்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். கொடுக்கிறோம், பலனும் தெரிகிறது. 100 மீற்றரில் அவனுடைய முதல் 20 மீற்றர் நன்றாக மாறிவிட்டது. உடலை முன்னுக்குச் சாய்த்து நிலத்தைப் பின்னுக்குத் தள்ளப் பழகிவிட்டான். உச்ச வேகத்தில் பெரிய மாற்றமில்லை. இந்தப் பயிற்சி முக்கியமாகப் புறப்பாட்டுக்குத்தான்.

பாரத்தைக் கிலோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். முற்றவெளி மைதானத்துப் புல்லில் இலகுவாக வரும் அதே ரயர் மணலில் இழுபட மறுக்கும். நாங்கள் நேரத்தைத்தான் பார்க்கிறோம்: ரயர் இல்லாமல் ஓடுவதைவிட வேகம் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் பாரத்தைக் குறைத்துவிடுவோம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் முழு ஓய்வு.

சின்னவனுக்கு 11 வயது, அவனும் கேட்கிறான். உயரம் சட்டென்று கூடும் பருவத்துக்கு முன் இதில் பலன் குறைவு. அவனுக்கு இப்போதைக்கு ஓடிப்பிடிச்சு விளையாட்டே போதும்.