சிறுவயதுத் துன்பமும் மனச்சோர்வும்: இனக்குழுக்களை ஒப்பிடுவது எப்படி?

கேள்வி:
அமெரிக்காவின் பிஆர்எஃப்எஸ்எஸ் தொலைபேசிக் கணக்கெடுப்புத் தரவில், சிறுவயதுத் துன்ப மதிப்பெண் (ஏஸ்: அடி, வசவு, பெற்றோர் மணவிலக்கு போன்ற துன்பங்களில் எத்தனை வகை நேர்ந்தன என்ற எண்ணிக்கை) ஏற ஏற மனச்சோர்வும் ஏறுகிறது. அந்த ஏற்றம் வெள்ளையரிடம் செங்குத்து, கறுப்பினத்தவரிடம் மிதம். கறுப்பினத்தவரை அது குறைவாகத்தான் பாதிக்கிறது என்று எழுதலாமா?

பதில் 1:
எழுதாதீர்கள். மனச்சோர்வை அதில் எப்படிக் கேட்கிறார்கள் என்று பாருங்கள்: மருத்துவரோ நர்ஸோ உங்களுக்கு அது இருப்பதாக எப்போதாவது சொன்னார்களா? காப்பீடு இல்லாமல் மருத்துவரிடமே போகாதவர், போயும் 'உடம்பு வலிதான்' என்று அனுப்பப்பட்டவர், எல்லோரும் 'இல்லை' என்பார்கள். நோயோடு சேர்த்து மருத்துவ வசதியையும் அளக்கிறீர்கள். கடந்த 2 வார அறிகுறிகளைக் கேட்கும் பிஎச்க்யூ மாதிரியான அளவுகோல் உள்ள தரவு வேண்டும்.

2007இல் வெளியான அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஆய்வில், வாழ்நாளில் பெருமனச்சோர்வு வந்தவர்கள் வெள்ளையரில் 17.9%, ஆப்பிரிக்க அமெரிக்கரில் 10.4%. வந்தவர்களில் அது நாட்பட்டு நீடித்தது வெள்ளையரில் 38.6%, ஆப்பிரிக்க அமெரிக்கரில் 56.5%. 'வந்ததா' என்று கேட்டால் ஒரு படம், 'விட்டதா' என்று கேட்டால் வேறு படம்.

பதில் 2:
கோடிங்கையும் (விடைகளுக்குத் தரவில் கொடுத்திருக்கும் எண்களை) பாருங்கள். 7 'தெரியாது', 9 'சொல்ல மறுப்பு'. இவற்றை 0 என்று கூட்டினால், மறுப்பவர்கள் அதிகமுள்ள குழுவின் மதிப்பெண் பொய்யாக இறங்கும். பெற்றோர் மணவிலக்குக் கேள்வியில் 8 என்றால் 'மணமே ஆகவில்லை'. இந்த விடை எல்லாச் சமூகங்களிலும் ஒரே அளவில் வராது. ஒருமுறை 'இல்லை' என்று வைத்தும், ஒருமுறை விட்டுவிட்டும் ஓட்டி, இரண்டு முடிவையும் காட்டுங்கள். மதிப்பெண்ணைக் கூட்டும்போது வீட்டில் குடி, போதைப்பொருள் பற்றிய இரண்டு கேள்விகளும் ஒரே வகை, பாலியல் துன்புறுத்தல் கேள்விகள் மூன்றும் ஒரே வகை. ஆக 11 கேள்விக்கு 8 வகை.

பதில் 3:
எனக்கு இதைவிடப் பெரிதாகப்படுவது 0 மதிப்பெண் பெற்றவர்கள். 1995–97இல் சான் டியேகோவில் நடந்த மூல ஏஸ் ஆய்வில் பெரும்பாலோர் காப்பீடுள்ள வெள்ளையர். பெரும்பாலும் வீட்டுக்குள் நடந்ததைத்தான் அந்தப் பட்டியல் கேட்டது. இனப்பாகுபாடு, தெருவில் பார்த்த வன்முறை இரண்டும் அதில் இல்லை. பிலடெல்பியா ஆய்வு 2012–13இல்தான் சேர்த்தது. அவற்றை அனுபவித்தவரும் உங்கள் தரவில் 0தான். அடிமட்டமே உயர்ந்திருந்தால் ஏற்றம் மிதமாகத்தானே தெரியும்?

விகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள். கற்பனைக் கணக்கு: ஒரு குழுவில் 10% என்பது 20% ஆகிறது, இன்னொன்றில் 20% என்பது 35%. விகிதம் 2, 1.75, வித்தியாசம் 10 புள்ளி, 15 புள்ளி. யாருக்குப் பாதிப்பு அதிகம் என்ற விடை தலைகீழாகிறது. இரண்டையும் அட்டவணையில் போடுங்கள். குழுவுக்கொரு தனி மாடல் ஓட்டிப் பி-மதிப்புகளை (தொடர்பே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) ஒப்பிடுவதும் தவறு. சிறிய குழுவில் பி தானாகவே பெரிதாகும். ஒரே மாடலில் இனம் × மதிப்பெண் பெருக்கலைச் சேர்த்து (ஏற்றம் குழுவுக்குக் குழு மாறுகிறதா என்று அதுதான் காட்டும்), கணக்கெடுப்பின் எடைகளோடு (ஒவ்வொருவரும் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்ற எண்கள்) ஓட்டுங்கள்.