புரத பயோமார்க்கர்: ‘தடயப்புரதம்’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

உடலில் அளந்து நோய்நிலையை அறிய உதவும் பொருளான பயோமார்க்கருக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். வந்த பரிந்துரைகளில் ‘உயிர்க்குறியீடு’ எனக்கு ஒப்பவில்லை. அஞ்சல் குறியீடு போல, குறியீடு என்பது நாம் இட்டுவைக்கும் அடையாளம். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த மூளைத்தண்டுவட நீரில் நாம் அளப்பதோ உடலே விட்டுச்சென்ற பொருள். ‘நோய்ச்சுட்டி’யும் பொருந்தாது. நியூரோஃபிலமென்ட் லைட் செயின் என்ற நரம்பிழைப் புரதம், தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் ஏ.எல்.எஸ். நோயிலும் ஏறும், நரம்புறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸிலும் ஏறும். நரம்பிழை சிதைகிறது என்று சொல்லும். எந்த நோய் என்று சொல்லாது.

என் பரிந்துரை ‘உயிர்த்தடயம்’, புரதமானால் ‘தடயப்புரதம்’. தடய அறிவியல் என்ற சொல் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும், நம் மயிலாப்பூரில் அதற்குத் துறையே இருக்கிறது. கைபட்டால் தடயம் கெடும் என்ற எச்சரிக்கையும் சொல்லோடு சேர்ந்தே வருகிறது. மாதிரி எடுத்து அளக்கும் இந்த வேலையில் அதைவிட முக்கியம் எதுவுமில்லை.

அமிலாய்டு பீட்டா 42 என்ற புரதத்தைப் பாருங்கள். தண்டுவட நீரை பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் குழாயில் பிடித்தால் அது சுவரில் ஒட்டிக்கொண்டு, அளவு குறைவாகக் காட்டும். ஆல்சைமர் நோயிலும் இதே புரதம் மூளையில் படிந்துவிடுவதால் தண்டுவட நீரில் குறையும். அதாவது, தவறான குழாய் ஒன்றே நோயில்லாதவரின் அறிக்கையில் நோயைக் காட்டிவிடும்! பாலிப்ரோப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக் குழாயில், அதுவும் ஒட்டல் குறைந்த வகையில், நேரடியாகப் பிடித்து முக்கால் அளவுக்கு மேல் நிரப்ப வேண்டும். அரைகுறையாக நிரப்பினால் ஒவ்வொரு மில்லிலிட்டரும் தொடும் சுவர்ப்பரப்பு கூடும். குழாய் மாற்றும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் போகும். பீட்டா 42-ஐ அதன் இனப்புரதமான பீட்டா 40-ஆல் வகுத்துப் பார்ப்பது ஓரளவு கைகொடுக்கும்; இரண்டுமே ஒட்டுபவை என்பதால் விகிதம் அவ்வளவாக அசையாது.

ரத்தம் கலந்தால், பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய ஆல்ஃபா சைநியூக்ளின் புரதத்தின் அளவை நம்ப முடியாது, சிவப்பணுக்களுக்குள் அது ஏராளம். ஊசியில் ரத்தம் தெரிந்தால் முதல் 1–2 மி.லி.யைத் தனியே ஒதுக்கி, மீதியை 2000 ஜி (புவியீர்ப்பைப்போல் 2000 மடங்கு) விசையில் 10 நிமிடம் சுழற்றி, தெளிந்த நீரை 0.5 மி.லி. பங்குகளாக மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். சுழற்றாமல் உறையவைத்தால் ரத்த அணுக்கள் உடைந்து உள்ளிருப்பதெல்லாம் நீரில் கலந்துவிடும், பிறகு சுழற்றிப் பயனில்லை. கத்திரி வெயிலில் மாதிரி வேறு ஆய்வகத்துக்குப் போகிறதென்றால் உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) தாராளமாக இருக்கட்டும். வழியில் உருகி மறுபடி உறைந்த மாதிரியைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

மறுமொழி:

‘தடயப்புரதம்’ நன்றாக இருக்கிறது. ஒரே தயக்கம்: தடயம் நடந்து முடிந்ததைத்தான் காட்டும். சிகிச்சை பலிக்குமா என்று முன்கூட்டி அறியவும் இந்தப் புரதங்களை அளக்கிறோமே. 2023-ல் டோஃபர்சென் என்ற ஏ.எல்.எஸ். மருந்துக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. விரைவு அனுமதி தந்தது, ரத்தத்தில் நியூரோஃபிலமென்ட் குறைந்ததை வைத்துத்தான். ‘முன்னறி தடயம்’ என்று அடை சேர்த்தால் இதற்கும் இடம் கிடைக்கும்.

புரதம் குழாய்ச் சுவரில் ஒட்டுவதற்குப் (adsorption) புதுச்சொல் தேட வேண்டாம். பாடநூலில் உள்ள ‘பரப்பு கவர்தல்’ போதும்.