நெட் இல்லாமல் எழுத்தை வைத்து ஆங்கில வார்த்தை தேடுவது எப்படி?

வணக்கம். ஏற்காட்டில், நாகலூர் பக்கம் இருக்கிறோம். மே மாதம் சேலத்தில் இருந்து அக்கா பிள்ளைகள் வந்துவிடுவார்கள், தினமும் எழுத்துக் கட்டைகளை வைத்து ஆங்கில வார்த்தை அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டம்தான். ஆட்டம் முடிந்ததும் 'இந்த எழுத்தெல்லாம் வைத்து என்ன போட்டிருக்கலாம்?' என்று தேடிப் பார்க்க வேண்டும். மழை தூறினாலே இங்கே சிக்னல் போய்விடும், அதனால் இணையதளங்கள் உதவவில்லை.

அச்சு அகராதியில் முதல் எழுத்து தெரிந்தால்தான் தேட முடிகிறது. இரண்டு ஆப் போட்டுப் பார்த்தேன். ஒன்று நெட் கேட்கிறது, இன்னொன்றில் விளம்பரத்துக்கு நடுவே வார்த்தையைத் தேட வேண்டியிருக்கிறது.

அப்புறம் வார்த்தைப் பட்டியல் ஒன்றை டெக்ஸ்ட் ஃபைலாக இறக்கி வைத்தேன். அதில் 'சிக்யூ' (cq) என்று தேடினால் அக்வயர் (acquire) வருகிறது, க்விக் (quick) வருவதில்லை. எழுத்துகள் அதே வரிசையில், ஒட்டி இருந்தால்தான் பிடிக்கிறது. க்யூ இருந்து யு இல்லாத வார்த்தைகளைப் பிரித்தெடுக்கவும் வழியில்லை. எங்களுக்கு முக்கியமாக வேண்டியதே அதுதான். க்யூ ஒரே கட்டை, 10 புள்ளி, யு மொத்தமே நான்கு. க்யூ-ஐ (qi), க்யூ-ஏ-டி (qat) இரண்டும் செல்லும் என்றால் பெரியவன் இன்னமும் நம்பமாட்டேன் என்கிறான்!

போன் ஆண்ட்ராய்டு 11, 3 ஜிபி ரேம். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பட்டியலில் ஒரு வரிக்கு ஒரு வார்த்தை.

எழுத்துகள் எந்த வரிசையில் இருந்தாலும் பிடித்து, வேண்டாத எழுத்தை ஒதுக்கியும் இந்த ஃபைலில் நெட் இல்லாமல் போனிலேயே தேட என்ன வழி?